ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலர் கடைப்பிடிப்பை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் ஆஸ்துமா அடங்காதவருக்கும், அதை எடுக்காமல் விட்டதால் அடங்காதவருக்கும் வெளியில் தெரியும் அறிகுறிகள் ஒன்றே: இரவு இருமல், இழுப்பு, நிவாரண இன்ஹேலரை அடிக்கடி தேடுவது. முதலாமவருக்கு மருந்தை உயர்த்துவது பொருத்தமாக இருக்கலாம். இரண்டாமவருக்கு உயர்த்தினாலோ, எடுக்காத மருந்துகளின் பட்டியல்தான் நீளும். தேவையற்ற ஸ்டீராய்டு மாத்திரைகளும் ஊசிகளும் அதன் பின்னால் வந்து சேரும். இதனால்தான் சிகிச்சையைக் கூட்டுவதற்கு முன் கடைப்பிடிப்பையும் உள்ளிழுக்கும் முறையையும் சரிபார்க்க வேண்டும் என்று ஜினா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன.

இந்த வழிகாட்டி புறநோயாளிப் பிரிவிலோ மருந்தகத்திலோ சிறிய ஆய்விலோ இந்த அளவீட்டை முதன்முறையாகச் செய்யப்போகும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களுக்கானது. படிகளின் வரிசை முக்கியம். ஒன்றை முன்னுக்குத் தள்ளினால் அடுத்ததன் விடை கெட்டுப்போகும் இடங்கள் இதில் உண்டு.

1. எதை அளக்கிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா?" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எழுதித் தந்த இன்ஹேலர் அவர் கைக்கு வந்ததா? வந்ததை உரிய நாளில், உரிய நேரத்தில், உரிய அளவில் பயன்படுத்தினாரா? பயன்படுத்தியபோது மருந்து நுரையீரலுக்குப் போனதா? முதல் கேள்விக்கு மருந்தகப் பதிவும், இரண்டாவதற்கு இன்ஹேலரில் மீதியைக் காட்டும் டோஸ் கவுண்டரும் மின்னணுக் கருவியும், மூன்றாவதற்கு உங்கள் கண்ணுமே விடை தரும். மூன்றுக்கும் சேர்த்து விடை சொல்லும் அளவுகோல் எதுவும் கிடையாது.

காலத்தை வைத்தும் பிரிக்க வேண்டும். மருந்தைத் தொடங்கவே இல்லாதவர், தொடங்கி அவ்வப்போது தவறவிடுபவர், சில மாதங்கள் ஒழுங்காக எடுத்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தியவர் என மூவர் உண்டு. இவர்களில் பின்னிருவருக்கும் ஆறு மாதச் சராசரி ஒரே எண்ணாக வந்துவிடலாம். ஆனால் மூவருக்கும் செய்ய வேண்டிய உதவி வேறு வேறு.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நடப்பிலுள்ள மருந்துச் சீட்டு, அளக்கும் காலத்தில் டோஸ் மாற்றப்பட்டிருந்தால் மாற்றிய தேதி, ஒவ்வொரு இன்ஹேலரிலும் உள்ள மொத்த டோஸ் எண்ணிக்கை ஆகியவை அவசியம். டோஸ் எண்ணிக்கையை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒரே மருந்து 60 டோஸ், 120 டோஸ், 200 டோஸ் என வெவ்வேறு அளவுகளில் வருவதுண்டு. அட்டையைப் பார்த்து எழுதாவிட்டால் கணக்கு பாதியாகவோ இரட்டிப்பாகவோ பிசகிவிடும்.

கவுண்டர் இல்லாத இன்ஹேலர்களுக்கு 0.01 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் எடைக்கருவி வேண்டும். உள்ளிழுக்கும் முறையைப் பார்ப்பதற்கு, நோயாளி பயன்படுத்தும் அதே வகையைச் சேர்ந்த மருந்தில்லாப் பயிற்சி இன்ஹேலர் வேண்டும். வினாத்தாள் பயன்படுத்துவதாக இருந்தால், நோயாளியின் மொழியில் ஏற்கெனவே சோதித்து ஏற்கப்பட்ட வடிவம் உள்ளதா, உரிமம் பெற வேண்டுமா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். அவசரத்துக்கு நீங்களே மொழிபெயர்த்த வினாத்தாளின் மதிப்பெண்ணை, மூல வடிவத்துக்கு வகுத்த எல்லைகளை வைத்துப் பொருள்கொள்ள முடியாது.

எல்லாவற்றுக்கும் முன், நோயாளிக்கு நீங்கள் செய்யப்போவது தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு: கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் யாருடைய நடத்தையும் சற்று மேம்படும். அதற்காக மறைத்து அளப்பது சரியாகாது. நோயாளி பின்னால் அறிந்துகொண்டால் நம்பிக்கை போய்விடும், அதன் பிறகு அவர் சொல்லும் எதுவும் உங்களுக்குப் பயன்படாது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தொடக்கத்தில் எண் சற்று உயர்ந்திருக்கும் என்பதை வாசிக்கும்போது கணக்கில் கொள்வதே நல்லது.

3. வகுக்கும் எண்ணை முதலில் எழுதுங்கள்

கடைப்பிடிப்பு விகிதம் என்பது, எடுத்த டோஸை எடுக்க வேண்டிய டோஸால் வகுத்து 100ஆல் பெருக்குவது. புதியவர்களின் கவனம் முழுவதும் எடுத்த டோஸின் மீதே இருக்கும். ஆனால் நான் பார்த்தவரையில், பிழைகளில் பெரும்பங்கு எடுக்க வேண்டிய டோஸில்தான் நுழைகிறது.

காலை 2 பஃப், இரவு 2 பஃப் என்று எழுதப்பட்டிருந்தால் ஒரு நாளைக்கு 4. 28 நாளுக்கு 112. ஆனால் அந்த 28 நாளில் நோயாளி 5 நாள் மருத்துவமனையில் இருந்து, அங்குள்ள மருந்தை எடுத்திருந்தால், அவருடைய சொந்த இன்ஹேலரிலிருந்து அவர் எடுக்க வேண்டியது 23 நாளுக்கான 92 மட்டுமே. இடையில் மருத்துவர் டோஸைக் குறைத்திருந்தால் காலத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். மருத்துவரே நிறுத்தச் சொன்ன நாட்களைத் தவறவிட்ட நாட்களாக எண்ணுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. பதிவேட்டில் இது அடிக்கடி நடக்கிறது.

நிவாரண இன்ஹேலருக்கு எடுக்க வேண்டிய டோஸ் என்று ஒன்று இல்லை. தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் மருந்துக்குக் கடைப்பிடிப்பு விகிதம் கணக்கிடாதீர்கள். எத்தனை முறை எடுத்தார் என்பதை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டும், மூச்சுக்குழலை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் பயன்படுத்தும் மார்ட் முறையில் இருப்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களின் கவுண்டர் இரண்டு விதப் பயன்பாட்டையும் சேர்த்தே எண்ணும். மூன்று நாள் காலை மாலை டோஸை விட்டுவிட்டு, நான்காம் நாள் இழுப்பு வந்து பல பஃப் எடுத்தவருக்கும் மொத்த எண் நிறைவாகத் தெரியும். நேரம் பதியும் கருவி இல்லாமல் இவர்களின் தடுப்பு டோஸைப் பிரித்தறிவது கடினம் என்பதால், நாள்வாரியாக ஒரு குறிப்பேட்டை நிரப்பச் சொல்வது குறைந்தபட்ச ஏற்பாடு.

4. எண்ணுவதற்கு முன் கேளுங்கள்

இன்ஹேலரை வாங்கிக் கவுண்டரைப் பார்த்துவிட்டு, பிறகு "ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கேள்வி, பிறகுதான் கவுண்டர்.

"தினமும் எடுக்கிறீர்கள்தானே?" என்ற கேள்விக்கு "ஆமாம்" தவிர வேறு விடை வராது. தவறவிடுவது இயல்பு என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டு, பிறகு எண்ணைக் கேளுங்கள். "இன்ஹேலரைத் தினமும் எடுப்பது பலருக்கும் சிரமமாகத்தான் இருக்கிறது. கடந்த நான்கு வாரங்களில், வாரத்துக்கு எத்தனை நாள் உங்களால் எடுக்க முடிந்தது? எடுக்கவே இல்லையா, ஒரு நாளா, இரண்டு நாளா, மூன்று அல்லது அதற்கு மேலா?" ஜினா பரிந்துரைக்கும் கேள்வியும் இந்தப் போக்கில்தான் அமைந்துள்ளது. அடுத்ததாக, "காலை டோஸை மறப்பது எளிதா, இரவு டோஸையா?" என்று கேளுங்கள். தவறவிட்டீர்களா என்ற கேள்வி இதில் இல்லாததால் பதில் தயங்காமல் வரும்.

மறந்து விடுவதையும் வேண்டாமென்று விடுவதையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பயம், மூச்சு நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்ற எண்ணம், பிறர் முன்னிலையில் எடுக்கக் கூச்சம், பழகிவிடும் என்று யாரோ சொன்னது ஆகியவையெல்லாம் தெரிந்தே விடுவதற்கான காரணங்கள். இப்படித் தெரிந்தே விடுபவருக்கு நினைவூட்டும் செயலியால் எந்தப் பயனும் இல்லை.

எண்ணாகப் பதிவு செய்ய வேண்டுமானால், இன்ஹேலருக்கென்றே உருவான டாய் (TAI) வினாத்தாள் பொருத்தமானது. முதல் 10 கேள்விகளுக்கு நோயாளி 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். 50 என்றால் நல்ல கடைப்பிடிப்பு, 46 முதல் 49 வரை இடைநிலை, 45 அல்லது அதற்குக் கீழே குறைவு. இதன் 12 கேள்வி வடிவத்தில் கடைசி இரண்டையும் நீங்கள் நிரப்ப வேண்டும். எப்போது எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிகிறதா, சரியாக உள்ளிழுக்கிறாரா என்பதை அவை பார்க்கின்றன. அந்த இரண்டையும் நோயாளியிடமே கொடுத்து நிரப்பச் சொல்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

நோயாளியின் வாய்மொழி உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே "எடுக்கிறேன்" என்ற பதிலைச் சரிபார்க்க வேண்டும். "எடுப்பதில்லை" என்ற பதிலைப் பொதுவாக அப்படியே நம்பலாம். குழந்தையாக இருந்தால் பெற்றோரிடமும் குழந்தையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பள்ளிக்குப் போகும் வயதில் "நீயே போய் எடுத்துக்கொள்" என்று பொறுப்பு கைமாறியிருக்கும். எடுத்தாயிற்று என்று பெற்றோர் மனமார நம்பிக்கொண்டிருப்பார்கள்.

5. இன்ஹேலரைக் கையில் வாங்கிப் பாருங்கள்

அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள எல்லா இன்ஹேலர்களையும், காலியானவை உட்பட, கொண்டுவரச் சொல்லுங்கள். வேலையிடத்தில் ஒன்று, பையில் ஒன்று என இரண்டைத் திறந்து வைத்திருப்பவர் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால், ஒழுங்காக எடுப்பவரும் பாதி எடுப்பவராகத் தோன்றுவார்.

புதிய இன்ஹேலரைத் திறக்கும் தேதியை அதன் பிளாஸ்டிக் உறையிலேயே அழியாத மையால் எழுதிக் கொடுப்பது இந்தப் படியில் மிகப் பயனுள்ள சிறு வேலை. தொடக்கத் தேதி இல்லாத கவுண்டர் எண்ணால் எதையும் கணக்கிட முடியாது. 120இல் தொடங்கிய இன்ஹேலர் 28 நாளுக்குப் பின் 50 காட்டினால் செலவானது 70, எடுக்க வேண்டியது 112, கடைப்பிடிப்பு 62.5 விழுக்காடு.

கவுண்டர் எண்ணுவது என்ன என்பதை வகைவாரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அழுத்தும் இன்ஹேலரில் அழுத்தியதை எண்ணும். முதல் பயன்பாட்டுக்கு முன் காற்றில் அழுத்திவிடும் சோதனை அழுத்தங்களும் சில கருவிகளில் அதில் சேரும். டிஸ்கஸ் என்ற உலர்தூள் இன்ஹேலரில் நெம்புகோலைத் தள்ளியதை எண்ணும். டர்புஹேலர் என்ற இன்னொரு உலர்தூள் வகையில் திருகியதை எண்ணும். இரண்டு முறை திருகினாலும் உள்ளே வருவது ஒரு டோஸ்தான், ஆனால் கவுண்டர் இரண்டாகக் குறையும். எந்த வகையிலும் உள்ளிழுத்ததைக் கவுண்டர் அறியாது.

கவுண்டர் இல்லாத குப்பிக்கு எடைதான் வழி. அதே வகைப் புதிய குப்பியை உறையிலிருந்து எடுத்து எடை போடுங்கள். 10 முறை அழுத்தியபின் மீண்டும் எடை போட்டு, வித்தியாசத்தை 10ஆல் வகுத்தால் ஓர் அழுத்தத்தின் எடை கிடைக்கும். நோயாளியின் குப்பி குறைந்த எடையை இதனால் வகுக்க வேண்டும். குப்பி உலர்ந்திருக்க வேண்டும், உறையோடு சேர்த்து எடை போடக் கூடாது. குப்பியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள்: அது மீதியைச் சரியாகக் காட்டாது, வால்வுக்குள் நீரும் புகும்.

கவுண்டருக்கும் எடைக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. வருவதற்கு முதல் நாள் காற்றில் அழுத்திக் காலியாக்கினால் இரண்டும் அதைக் கண்டுகொள்ளாது. புகைப்பிடிப்பவர்களிடையே நடந்த லங் ஹெல்த் ஸ்டடி என்ற பெரிய ஆய்வில், நேரத்தைப் பதியும் கருவி பொருத்தப்பட்டிருப்பது தெரியாத சிலர், ஒரு சில மணி நேரத்துக்குள் நூறு முறைக்கு மேல் அழுத்தியிருந்தது பதிவாகியது. உங்களுக்குக் கிடைக்கும் எண் மிக அழகாக, ஏறத்தாழ 100 விழுக்காடாக இருந்தும் நோய் அடங்காமல் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

6. மருந்தகப் பதிவிலிருந்து கணக்கிடுதல்

எழுதிக் கொடுத்த சீட்டுகளின் பதிவும் மருந்து வழங்கிய பதிவும் ஒன்றல்ல. உங்களுக்குத் தேவை இரண்டாவது. குறைந்தது ஆறு மாதப் பதிவை எடுங்கள். ஓர் இன்ஹேலர் ஒரு மாதம் வரும் என்றால், அதற்கும் குறைந்த காலத்தை வைத்து எதையும் சொல்ல இயலாது.

ஒரே பதிவு இரு முறைகளில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 30 நாள் வரும் இன்ஹேலரை ஒருவர் 180 நாளில் 1ஆம் நாள், 40ஆம் நாள், 95ஆம் நாள், 170ஆம் நாள் என நான்கு முறை வாங்கினார். வாங்கிய மொத்தத்தைக் காலத்தால் வகுக்கும் எம்பிஆர் முறையில் 120ஐ 180ஆல் வகுக்க, 67 விழுக்காடு. மருந்து கையிருப்பில் இருந்த நாட்களை மட்டும் எண்ணும் பிடிசி முறையில் கடைசி இன்ஹேலருக்கு 11 நாட்களே கிடைக்கும். 101ஐ 180ஆல் வகுக்க, 56 விழுக்காடு. அவர் கையில் மருந்தே இல்லாமல் இருந்த நாட்களை இரண்டாவது முறைதான் காட்டுகிறது. நான் அதையே பரிந்துரைக்கிறேன். எதை எடுத்தாலும் முறையின் பெயரை முடிவின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு இன்ஹேலரை ஒரே நாளில் வாங்கியிருந்தால், இரண்டாவதன் 30 நாளை முதலாவது முடியும் தேதிக்குத் தள்ளிவைக்க வேண்டும். இலவச மாதிரி, வேறு மருந்தகத்தில் வாங்கியது, குடும்பத்தில் இன்னொருவருடையதைப் பகிர்ந்தது ஆகியவை பதிவில் இருக்காது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இதே பதிவில் நிவாரண இன்ஹேலரையும் பாருங்கள். 200 டோஸ் கொண்ட சால்புடமால் இன்ஹேலரை ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்குபவருக்குத் தீவிர இழுப்பு வரும் அபாயம் கூடுதல். 12 அல்லது அதற்கு மேல் என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்கிறது ஜினா. தடுப்பு குறைந்து நிவாரணம் கூடியிருக்கும் பதிவைக் கண்டால் அளவீடு முடியும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

7. மின்னணுக் கருவியின் பதிவை வாசித்தல்

இன்ஹேலரில் பொருத்தும் மின்னணுக் கருவி ஒவ்வோர் அழுத்தத்தின் தேதியையும் நேரத்தையும் பதியும். கிடைக்குமானால் இதுவே கணக்குக்கு மிக உறுதியான அடிப்படை. பொருத்தும் முன் கருவியின் கடிகாரம், மின்கலம் இரண்டையும் சரிபார்த்து, சில அழுத்தங்களைச் செய்து அவை பதிவாகின்றனவா என்று பாருங்கள். அந்தச் சோதனை அழுத்தங்களைப் பிறகு கணக்கிலிருந்து நீக்க மறக்காதீர்கள். கருவி பழுதான நாட்களை மருந்து எடுக்காத நாட்களாக எண்ணக் கூடாது.

சராசரியைக் கணக்கிடும் முன் ஒவ்வொரு நாளுக்கும் 100 விழுக்காடு என்று உச்சவரம்பு வையுங்கள். நாளுக்கு 4 பஃப் எடுக்க வேண்டியவர் முதல் வாரம் ஒன்றுமே எடுக்காமல், அடுத்த வாரம் நாளுக்கு 8 எடுத்தால் வரம்பில்லாத சராசரி 100 விழுக்காடாகும், வரம்போடு 50. மூச்சுக்குழலின் அழற்சியைக் கட்டுக்குள் வைக்கத் தினசரி டோஸ் தேவை என்பதால் இரண்டாவது எண்தான் நடந்ததற்கு நெருக்கமானது.

சில நிமிடங்களுக்குள் குவிந்த அழுத்தங்களை எப்படிக் கையாள்வது என்ற விதியைப் பதிவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பார்த்தபின் எழுதும் விதி, நீங்கள் எதிர்பார்த்த விடையை நோக்கிச் சாயும். தடுப்பு மட்டுமாக உள்ள இன்ஹேலரில் மருத்துவரைப் பார்க்கும் நாளின் முந்தைய இரவு மூன்று நிமிடத்தில் 20 அழுத்தம் இருந்தால் அது பயன்பாடல்ல. அதே குவியல் மார்ட் முறையிலோ நிவாரண இன்ஹேலரிலோ இருந்தால் உண்மையான இழுப்பாக இருக்கலாம். நோயாளியைக் கேட்காமல் நீக்காதீர்கள்.

நாள்வாரியாக வரைந்து பார்த்தால் சராசரி மறைத்த பலவும் தெரியும்: வார இறுதிகளில் மட்டும் காலை டோஸ் விடுபடுவது, மருத்துவரைப் பார்க்கும் தேதியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் முழுமையாக இருப்பது, மூன்றாம் வாரத்தோடு மொத்தமாக நின்றுபோவது. முதல் சில வாரங்கள் கண்காணிப்பின் ஊக்கத்தில் உயர்ந்திருக்கும் என்பதால் அவற்றைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

8. உள்ளிழுக்கும் முறையைக் கண்ணால் பாருங்கள்

"எப்படி எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "எடுத்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். காட்டும்போது குறுக்கிட்டுத் திருத்தாமல் முடியும்வரை பார்த்துக் குறித்த பின்னரே திருத்துங்கள். நடுவில் திருத்தினால் நீங்கள் பதிவது உங்கள் பயிற்சியின் விளைவாகிவிடும்.

அழுத்தும் இன்ஹேலரில் மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். உலர்தூள் இன்ஹேலரில் தொடக்கத்திலேயே வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இரண்டு வகையும் வைத்திருப்பவர் இதை மாற்றிச் செய்வது மிகச் சாதாரணம். மூடியைக் கழற்றாதது, குலுக்காதது, அழுத்துவதற்கும் இழுப்பதற்கும் இடையே நேரம் தவறுவது, உலர்தூள் கருவிக்குள் மூச்சை ஊதிவிடுவது, இழுத்தபின் 10 விநாடி மூச்சை அடக்காதது ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாயைப் பயன்படுத்துபவர் இரண்டு பஃபை ஒன்றாக அழுத்திவிடுகிறாரா என்றும் பாருங்கள்.

9. ஆய்வகச் சோதனை தேவைப்படும் இடம்

இது எல்லாருக்கும் வேண்டியதில்லை. மூச்சில் வெளிவரும், மூச்சுக்குழல் அழற்சியைக் காட்டும் நைட்ரிக் ஆக்சைடு தொடர்ந்து உயர்ந்திருக்கும் தீவிர ஆஸ்துமா நோயாளிக்கு, ஒரு வாரம் நேரடிக் கண்காணிப்பில் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கொடுத்து மீண்டும் அளந்தால், அளவு கணிசமாக இறங்குவது இதுவரை மருந்து போதிய அளவு உள்ளே போகவில்லை என்பதற்கான வலுவான குறிப்பு. தொடக்கத்திலேயே அளவு குறைவாக இருப்பவரிடம் இந்தச் சோதனையால் பயனில்லை. புகைப்பழக்கமும் அளவைக் குறைத்துக் காட்டும். தினமும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எடுப்பதாகச் சொல்பவருக்கு, ரத்தத்தில் பிரெட்னிசொலோன், உடலே சுரக்கும் கார்ட்டிசால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

10. எண்களைச் சேர்த்து வாசித்தல்

மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தபின் அவற்றை ஒரே மதிப்பெண்ணாக்கிவிடாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பதிவு குறைவு, கவுண்டரும் குறைவு என்றால் மருந்து கைக்கே வருவதில்லை. பதிவு நிறைவு, கவுண்டர் குறைவு என்றால் வீட்டில் இன்ஹேலர்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் நிறைவு, முறை தவறு என்றால் மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. எல்லாமே நிறைவாக இருந்தும் நோய் அடங்கவில்லை என்றால்தான் நோயறிதலையும் சிகிச்சைப் படியையும் மறுபரிசீலனை செய்யும் கட்டம் வந்திருக்கிறது.

80 விழுக்காடு என்ற எல்லை பல இடங்களிலும் பயன்படுகிறது. குழுக்களை ஒப்பிட அது வசதியானது. ஒரு தனி நோயாளிக்கு அது தீர்ப்பல்ல. 75 விழுக்காட்டோடு நன்றாக இருப்பவரைத் துரத்துவதைவிட, 85 விழுக்காட்டில் தவறவிட்டதெல்லாம் தொடர்ச்சியான நாட்களாக உள்ளவரைக் கவனிப்பது முக்கியம்.

11. முடிவை நோயாளியிடம் சொல்வதும் மீண்டும் அளப்பதும்

முடிவை அவருக்குத் தெரியாமல் கோப்பில் வைக்காதீர்கள். விழுக்காட்டைச் சொல்வதைவிட நாள்வாரி வரைபடத்தைக் காட்டி, "இந்த வாரம் நன்றாக எடுத்திருக்கிறீர்கள், அடுத்த வாரம் குறைந்திருக்கிறது. அப்போது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். விடை அவரிடமிருந்தே வரும்: பணி நேரம் மாறியது, இன்ஹேலர் தீர்ந்தது, குரல் கம்மியது. குரல் கம்மினால் ஸ்பேசரும் வாய் கொப்பளிப்பதும் தீர்வாகலாம். பணி நேரம் என்றால் நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

மாற்றம் செய்த தேதியை எழுதி, நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் அதே முறையில், அதே வகுக்கும் எண் விதியோடு மீண்டும் அளந்து பாருங்கள். முதல்முறை கவுண்டரையும் இரண்டாம் முறை வினாத்தாளையும் பயன்படுத்திவிட்டு இரண்டையும் ஒப்பிட முடியாது. உள்ளிழுக்கும் முறையை மட்டும் ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள். சரியாகக் கற்றுக்கொண்டவரிடமும் சில வாரங்களில் பழைய பிழை திரும்பிவிடுகிறது.